காகிதக் கூழ்

இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர ஊர்களில் பனையோலைக்குப் பஞ்சமில்லை. அரிசி வைக்கவும் கருவாடு காக்கவும் ஓலைப்பெட்டி போதும். ஆயினும், தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் மற்றொரு கூடையும் வழக்கில் இருந்தது. பழைய தாள்களை அரைத்துச் செய்த காகிதக்கூழ்க் கூடை அது. மூங்கில் முறத்தின் இடுக்குகளை அடைத்து மெழுகவும் அக்கூழே பயன்பட்டது.

அதன் செய்முறை எளிது. பொறுமைதான் மிகுதியாக வேண்டும். தாள்களைச் சிறு துண்டுகளாகக் கிழித்து இரண்டு நாள் நீரில் ஊறவைப்பர். கத்தரியால் நறுக்குவதினும் கையால் கிழிப்பதே நன்று. இழைகள் நீளமாக நிற்கும். தாள் என்பது நாரிழைகள் ஒன்றோடொன்று பின்னிய படலமே. நீர் புகுந்ததும் பின்னல் தளர்கிறது. ஊறிய தாளைப் பிழிந்து, முன்னிரவில் ஊறவைத்த வெந்தயத்தோடு ஆட்டுரலில் இட்டு மைய அரைப்பர். வெந்தயத்தின் வழுவழுப்பே இங்குப் பசை. கடைப்பசை எதுவும் வேண்டுவதில்லை. கவிழ்த்த பானையின்மேல் ஈரத்துணி போர்த்தி, கூழை ஒரே கனமாக அப்பித் தட்டுவர். ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்தால் காயும்போது வெடிக்கும். பானையின் அகன்ற இடையைத் தாண்டிக் கூழ் இறங்கலாகாது. இறங்கினால் கூடை கழன்று வராது. நீர் வற்ற வற்ற இழைகள் மீண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்.

பிரெஞ்சு மொழியில் இக்கலையின் பெயருக்கு ‘மென்ற காகிதம்’ என்பது பொருள். காசுமீரத்துக் கலைஞர்கள் இக்கூழில் வண்ணப் பேழைகள் செய்கின்றனர். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையிலும் இக்கூழ் உண்டு. புதுச்சேரியின் திருக்கனூர்க் காகிதக்கூழ்ப் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை.

பாம்பனில் ஒரு வீடு. பள்ளிக் கண்காட்சிக்காகப் பெயர்த்திக்கு இக்கூடையைக் கற்பிக்க முனைந்தார் பாட்டி. கார்த்திகை மாதம், மழையும் உப்புக்காற்றும் ஓயவில்லை. முதற்கூடை மூன்று நாளாகியும் காயாமல் பூசணம் பூத்தது. கையிலிருந்த செய்தித்தாள்களும் தீர்ந்தன.

“அப்பா நோட்டு இருக்குல்ல, அப்பத்தா?” என்றாள் பெயர்த்தி.

பாட்டி விடை கூறவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுப் படகேறிய மகனின் ஏடுகள் அவை. இருபது ஆண்டுகளாகத் தகரப்பெட்டியில் கிடந்தன. மகனோ அவற்றைக் கேட்டதே இல்லை.

மழை விட்ட ஒரு காலையில் பாட்டியே பெட்டியைத் திறந்தார். கணக்கு ஏட்டை எடுத்துத் தாள்தாளாகக் கிழித்து நீரிலிட்டார். நீலமை கரைந்து நீரில் பரவியது. அறிவியல் ஏட்டையும் கிழித்தார். தமிழ் ஏட்டைச் சிறிது நேரம் புரட்டிப் பார்த்தார்; எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர்.

“இது போதும்டி, அரைக்கலாம்” என்று சொல்லி, அதை மட்டும் மீண்டும் பெட்டிக்குள் வைத்தார்.