கடலோரத்தில் தனித்திருக்கும் கோடிக்குழகர்

வேதாரண்யத்தில் இறைவனையும் யாழைப்பழித்த மொழியம்மையையும் தரிசித்த அடியார்கள் காரில் தெற்கு நோக்கிப் புறப்பட்டால், சுமார் 10 கிலோ மீட்டரில் நிலம் முடிந்து கடல் எதிர்ப்படுகிறது. அந்த நிலமுனையே கோடியக்கரை.

அகத்தியர் பெயர் தாங்கிய அகத்தியான்பள்ளி வழியில் உள்ளது. 1930 ஏப்ரல் 30-ஆம் நாள் ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் உப்பெடுத்த இடமும் இதுவே. பாத்திகளும் வெண்ணிற உப்புக் குவியல்களும் இன்றும் கண்ணில் படுகின்றன.

மேற்கே விரிவது வேதாரண்யப் பெருஞ்சதுப்பு. மழைநீரும் ஓதத்தில் ஏறிவரும் கடல்நீரும் கலந்து இங்கே பரவும். கோடையில் வற்றித் தரையில் உப்புப் பூக்கும். பனிக்காலத்தில் பூநாரைகள் வந்து தங்கும். 2002-ஆம் ஆண்டில் இது ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அப்பால் காடு. வெளிமான்கள் திரியும் பகுதியாதலால் வாகனம் மெல்லச் செல்வதே முறை.

இங்கேதான் குழகர் கோயில் அமைந்துள்ளது. பாடல்பெற்ற காவிரித் தென்கரைத் தலங்கள் 127-இல் இதுவே இறுதியானது. சேரமான் பெருமாளுடன் இங்கு வந்த சுந்தரர், வரம் ஏதும் கேட்கவில்லை. கடற்காற்று கடுமையாக வீசும் இக்கரையில் துணையின்றி இருக்கின்றீரே, காட்டில் அம்மை அஞ்சமாட்டாளா என்று இறைவனுக்காகவே வருந்திப் பாடினார். அப்பதிகம் ஏழாம் திருமுறையில் உள்ளது.

அவர் சொன்ன காற்று இன்றும் ஓயவில்லை. 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் இக்காட்டின் மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. ஆடி, தை அமாவாசைகளில் ஆதிசேது எனப் போற்றப்படும் கடலில் நீராட மக்கள் திரளாக வருகின்றனர். நீராடியதும் ஊர் திரும்பும் அவசரத்தில் குழகர் சந்நிதியைக் கடந்து போய்விடுவோரும் உண்டு. மற்ற நாட்களில் அங்கே காற்றின் ஒலியே மிகுதி.

பிள்ளைகள் தொலைவில் வாழ, வீட்டில் தனித்திருக்கும் முதியோருக்குச் சுந்தரரின் வருத்தத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. யாரேனும் வந்து சிறிது நேரம் அமர்ந்து பேசிச் செல்வதன் அருமை அவர்களுக்குத் தெரியும். கோடியக்கரை செல்வோர் ஒரு விளக்கேற்றி, அப்பதிகத்தை ஓதி, அரைமணி நேரம் சந்நிதியில் அமர்ந்து வரலாம். துணை யார் என்று சுந்தரர் கேட்ட கேள்விக்கு அடியார்கள் தரக்கூடிய விடை அதுவே.