மாஸ்க் போட்டவன் நான் ஒருவன்தான்

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் மெயின்டெனன்ஸ் ஆளாக வேலைக்குச் சேர்ந்தவன், ரிட்டயர் ஆகும்போது எங்கள் யூனிட்டின் சேஃப்டி கமிட்டியில் இருந்தேன். மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு நாளன்று புதுப் பையன்களை வரிசையாக நிற்கவைத்து உறுதிமொழி வாசிக்கச் சொல்வேன். நீராவிக் குழாயில் சுற்றிய ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றை நனைக்காமல் எவனாவது பிரித்தால் ஷெட் அதிரக் கத்துவேன். ஷீட் கூரையில் ஏறுகிறவன் ஷீட்டை மிதிக்கக் கூடாது, பலகை போட்டு அதன்மேல்தான் நகர வேண்டும் என்று பர்மிட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவன் திருமுல்லைவாயலில் தன் சொந்த வீட்டில் என்ன செய்தான் என்பதுதான் இது.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் பெரும்பாலும் ஒரே மாதிரி. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது, 1964இல் அம்பத்தூர் எஸ்டேட் வந்தது. வேலைக்கு வந்தவர்களுக்குத் தங்க இடம் வேண்டியிருந்தது. லோன் கிடைத்தவன் முன்பக்கம் தளம் போட்டான். பின்பக்கம் நாலு சுவர் எழுப்பி, ஷீட் போட்டு, போர்ஷன் என்று வாடகைக்கு விட்டான். எங்கள் ஊர் வழியே போகும் ரயில் பாதையில், அரக்கோணத்திலேயே ஷீட் தயாரானது. விலை குறைவு, துருப் பிடிக்காது, கீற்றுக் கூரைபோல எரியாது. கீற்றிலிருந்து ஷீட்டுக்கு மாறுவது அன்றைக்கு ஒரு குடும்பம் மேலே ஏறியதற்கு அடையாளம். எனக்கும் பின்பக்கம் இரண்டு போர்ஷன் இருந்தது. பிள்ளைகளின் படிப்புச் செலவில் பாதி அந்த ஷீட்டுக்கு அடியிலிருந்துதான் வந்தது.

அந்த ஷீட் சிமெண்ட்தான். அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் நார். உடையாமல், துளைக்காமல், தேய்க்காமல் விட்டால் நார் சிமெண்டுக்குள்ளேயே கிடக்கும். கீழே குடியிருப்பவருக்கு ஆபத்து மிகக் குறைவு. கிரைண்டரால் அறுத்தாலோ, சுத்தியலால் அடித்தாலோ, கம்பி பிரஷ் போட்டுப் பாசி சுரண்டினாலோ கண்ணுக்குத் தெரியாத இழைகளாகக் காற்றில் ஏறும். இதை நான் பாடமாகவே நடத்தியிருக்கிறேன்.

2016 டிசம்பர் 12 வர்தா புயலில் எங்கள் தெருவில் ஷீட்டுகள் பறந்து சிதறின. மறுநாள் ஊரே துடைப்பத்தை எடுத்துக் காய்ந்த தூளைக் கூட்டியது, நானும் கூட்டினேன். என் கூரையில் விரிசல் விட்டவற்றை எம்-சீல் வைத்து அடைத்தேன். அதற்கப்புறமும் சில வருடம் ஓட்டி, கொரோனாவெல்லாம் அடங்கிய பிறகு மொத்தமாக எடுத்துவிட்டுக் கலர் ஷீட் போடலாம் என்று மேஸ்திரியைக் கூப்பிட்டேன்.

அவர் இரண்டு ரேட் சொன்னார். "முழுசா எறக்கணும்னா ஆளும் ஜாஸ்தி, நாளும் ஜாஸ்தி சார். ஒடைச்சுப் போட்டா மதியத்துக்குள்ள முடிஞ்சிடும்."

முழுசாக இறக்குவது என்றால் என்ன என்று அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். சோப்புத்தூள் கலந்த தண்ணீரை மெல்லத் தெளித்து ஷீட்டை நனைக்க வேண்டும். துருப்பிடித்த ஜே போல்ட்டைக் கட்டரால் நறுக்க வேண்டும், ஷீட்டோடு சேர்த்து அறுக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் இரண்டு பேர் பிடித்துக் கைமாற்றி இறக்கி, கனமான பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டி, மேலே எழுதிவைக்க வேண்டும். வேலை செய்கிறவர் முகத்தில் துண்டோ சர்ஜிக்கல் மாஸ்க்கோ பிரயோஜனமில்லை. நுண்தூசியைத் தடுக்கிற, மூக்கோடு இறுகப் பொருந்துகிற மாஸ்க் வேண்டும். முடிந்ததும் தரையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், பெருக்கவே கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் கழிவை எப்படி அகற்றுவது என்பதற்கு 1986லேயே இந்தியத் தர நிர்ணயம் ஒன்று, ஐ.எஸ். 11768, வந்துவிட்டது. இத்தனையும் மண்டைக்குள் ஓட, என் வாயிலிருந்து வந்தது, "சீக்கிரம் முடிங்க மேஸ்திரி." மிச்சமான பணம் ஒரு போர்ஷனின் ஒரு மாத வாடகைகூட இல்லை.

வேலை நாளன்று காலை நான் செய்த ஏற்பாடுகளைச் சொன்னால்தான் என் யோக்கியதை புரியும். பேரனை முந்தின இரவே பூந்தமல்லியில் மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி செருகினேன். தண்ணீர்த் தொட்டி மூடியைத் தார்ப்பாயால் கட்டினேன். கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமிருந்த என்-95 பாக்கெட்டைத் தேடியெடுத்து ஒன்றை மாட்டிக்கொண்டு, காற்று என் முதுகுப்பக்கமிருந்து வீசும்படி தெருமுனையில் போய் நின்றேன். பாக்கெட்டில் இன்னும் மாஸ்க் இருந்தது. மேலே இருந்தவர்களுக்கும் போதும்.

அவர்கள் தலையில் கட்டிய துண்டோடு சுத்தியலை வீசினார்கள். ஒருவன் கட்டிங் மெஷினால் போல்ட்டையும் ஷீட்டையும் சேர்த்தே அறுத்தான். பலகை எதுவும் போடவில்லை. ஷீட் மேலேயே நடந்தார்கள். ஒருவன் சறுக்கி விழுந்திருந்தால் நுரையீரல் நோய்க்கு முப்பது வருடம் காத்திருக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது. டீ குடிக்க இறங்கிவந்த வயதானவர் இமையெல்லாம் வெள்ளையாக நின்று என்னைப் பார்த்துக் கேட்டார்: "இன்னா சார், இன்னும் கொரோனா பயம் போவலியா?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். உடைக்கச் சொன்னதைவிட அந்தச் சிரிப்புதான் எனக்குப் பெரிய குற்றமாகத் தெரிகிறது. உண்மையைச் சொல்ல அவரே வாசலைத் திறந்துவிட்டார். சொல்லியிருந்தால் வேலை நின்றிருக்கும்.

ஒரு காலைப்பொழுதின் தூசியால் அவருக்கு நோய் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கணக்கு அப்படி ஓடுவதில்லை. எவ்வளவு தூசி, எத்தனை வருடம் என்பதைப் பொறுத்தது. ஆனால் எனக்கு அது ஒரு காலை, அவருக்கு அது தொழில். நுரையீரல் தழும்பேறும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா எல்லாமே பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வருடம் கழித்துத்தான் தலைகாட்டும். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் நுரையீரல் புற்றுக்கான அபாயம் பல மடங்கு ஏறும். அந்தத் தூள் படிந்த சட்டையை வீட்டில் துவைக்கிறவருக்கும் ஆபத்து உண்டு என்பதை 1965லேயே லண்டனில் நடந்த ஆய்வு காட்டிவிட்டது.

சட்டப்படி ஆஸ்பெஸ்டோசிஸ் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டைக் குறைந்தது நாற்பது வருடம் வைத்திருக்கும்படி 1995இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆவடிப் பக்கம் விடியற்காலையில் கூலிக்கு நிற்கிறவருக்கு எந்தப் பதிவேடு? பிரிட்டன் 1999இல் தடை செய்தது, ஆஸ்திரேலியா 2003 முடிவில், அமெரிக்கா வெள்ளை ஆஸ்பெஸ்டாஸை 2024இல். இங்கே 1986இலேயே புதுச் சுரங்கக் குத்தகை நின்றும் இறக்குமதியும் ஷீட் விற்பனையும் சட்டப்படியே நடக்கின்றன. 'கவர்மெண்டே தடுக்கலையே' என்று அன்றைக்கு நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டது இதை வைத்துத்தான்.

உடைந்தவை குட்டியானையில் ஏறி, இரண்டு தெரு தள்ளி இருந்த தாழ்வான காலி மனையில் கொட்டப்பட்டன. மனைக்காரர் பள்ளம் நிரம்புகிறது என்று சந்தோஷப்பட்டார். உடையாமல் தப்பிய சில ஷீட்டுகளைத் தெருமுனையில் இட்லிக்கடை போட்டிருக்கும் அம்மாவுக்குக் கொடுத்தேன். "நல்லா இருக்கணும் ஐயா" என்றார். அந்த வாழ்த்தையும் வாங்கிக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் டீக்கடையில் மேஸ்திரியைப் பார்த்தபோது சுற்றிவளைத்து ஆரம்பித்தேன். "இருவது வருசமா ஒடைக்கிறேன் சார், ஒண்ணும் ஆவல," என்றார். இருபது வருடம் என்பது ஆறுதல் இல்லை என்று சொல்ல வந்த வாய் டீயைக் குடித்தது.

இட்லிக்கடையில் மட்டும் கொஞ்சம் தாமதமாக வாய் திறந்தது. ஃபேன் மாட்ட ஷீட்டில் ஓட்டை போடப்போவதாக அந்த அம்மா சொன்னார். துளைக்காதீங்க, அது கெட்ட தூசி, நான் வேற ஷீட் வாங்கித் தரேன் என்றேன்.

"அப்ப எங்களுக்கு ஏன் ஐயா குடுத்தீங்க?"

"கொட்ட இடமில்லாம குடுத்தேன்மா."

அவர் ஒன்றும் சொல்லாமல் மாவைக் கரைத்தார். அந்த ஷீட்டுகளை நனைத்து, முழுசாக இறக்கி, பாலிதீனில் சுற்றி, என் வீட்டுப் பின்பக்கம் கொண்டுவந்து அடுக்கியாயிற்று. அங்கேயே கிடக்கின்றன. அபாயக் கழிவைப் புதைக்கும் மையம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது, ஆனால் அது தொழிற்சாலைக் கழிவை வைத்து நடப்பது. நாலைந்து ஷீட்டோடு ஒரு வீட்டுக்காரன் போய் நிற்க வழி இன்னும் பிடிபடவில்லை. கூரையில் நின்ற வயதானவரின் பெயரைக்கூட அன்று நான் கேட்கவில்லை. காலி மனைக்காரர் வீடு கட்ட பூஜை போட்டுவிட்டார். ஜேசிபி வருவதற்கு முன் அவரிடம் போய், தோண்டும்போது தண்ணீர் அடிக்கச் சொல்ல வேண்டும், ஏன் என்றும் சொல்ல வேண்டும். இன்னும் போகவில்லை.