48 மாதம் 31 ஆன கதை

சிட்லபாக்கத்தில் வீட்டுக் கீழ்த்தளத்திலேயே லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர், மோட்டார் பம்புக்கு ஒரு கருவி செய்து காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறார். தனிநபருக்கு 1,600 ரூபாய்தான். அதோடு வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருக்கிறார்!

முடியவில்லை. பரிசோதிக்கச் சொல்லித் தனியாக மனு போடணும், அதற்கு 4,000. போடாவிட்டால் விண்ணப்பத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். முன்பு இதற்கு 48 மாத அவகாசம். 2024 மார்ச் 15-இல் அமலுக்கு வந்த திருத்த விதிகள் அதை 31 ஆக்கிவிட்டன. அதே விதிகளில், காப்புரிமை வாங்கியவர்கள் ஆண்டுதோறும் கொடுத்த பயன்பாட்டு அறிக்கை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்றானது நல்ல சலுகை. ஆனால் கெடு தேதி பார்க்கப் பெரிய கம்பெனியில் ஆள் உண்டு, பட்டறைக்காரருக்கு யார்?

அந்த மார்ச் 15 முதல் விண்ணப்பித்தவர்கள் ரசீதில் உள்ள தேதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.