மந்திரவாதிக்கு எத்தனை மந்திரம் கொடுக்கலாம்?



"டீச்சர், ஒரு மாசமா பதிவே காணோமே, உடம்பு சரியில்லையா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் கே.ஜி.கண்டிகைக்கு வந்திருந்தார்கள். அவர்களோடு உட்கார்ந்து ஒரு மந்திரவாதிக்குச் சட்டம் எழுதிக்கொண்டிருந்தேன். ஏன் எழுத வேண்டி வந்தது என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான். என் பாடம் என்றைக்கு மணி அடிப்பதற்குள் முடிந்திருக்கிறது?

விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கியது. இதற்குச் செல்போன் வேண்டாம், டிவி வேண்டாம். பாய் விரித்து, தாளும் பென்சிலும் பகடையும் வைத்துக்கொண்டு சுற்றி உட்கார்ந்து ஆடலாம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். "குகைக்குள் ஐந்து பூதங்கள் நிற்கின்றன, நீ என்ன செய்கிறாய்?" என்று அவர் கேட்பார். நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டும். நினைத்தது நடந்ததா என்பதைப் பகடை சொல்லும்.

பாத்திரங்களின் வகையைக் 'கிளாஸ்' என்கிறார்கள். எனக்குக் கிளாஸ் என்றால் ஐந்தாம் வகுப்பு 'பி' பிரிவுதான் ஞாபகம் வரும்! முதலில் மூன்றே கிளாஸ்கள் இருந்தன: போர்வீரர், மந்திரவாதி, பூசாரி. 2014-இல் வந்த விதிப்புத்தகத்தில் 12. எங்கள் வீட்டில் கதை நடத்தியவன் கல்லூரியில் படிக்கும் என் தம்பி மகன். மகன் வயிற்றுப் பேரன்கள் இருவரில் பெரியவன் மந்திரவாதி, சின்னவன் திருடன். மகள் வயிற்றுப் பேத்திக்குப் பத்து வயது. அவள் போர்வீராங்கனை.

அந்தப் பேத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் நன்றாகப் பேசுவாள். நாலு பேர் சேர்ந்த இடத்தில் வாயே திறக்க மாட்டாள். பள்ளியிலும் அப்படித்தான் என்று என் மகளுக்கு ரொம்ப வருத்தம். இந்த விளையாட்டில் பேசித்தானே ஆக வேண்டும், கொஞ்சம் கூச்சம் விடும் என்று நானும் மகளும் நம்பினோம். இரண்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு, "எனக்குத் தூக்கம் வருது பாட்டி" என்று எழுந்து வந்துவிட்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தபோது காரணம் புரிந்தது. அவர்கள் ஆடிய விதிப்படி ஐந்தாம் நிலையை அடைந்த மந்திரவாதி 'ஃபயர்பால்' வீசலாம். ஆறு முகப் பகடை எட்டை உருட்டிக் கூட்டிய அளவு சேதம்; சராசரி 28. அதுவும் ஒருவருக்கு இல்லை, அந்த வட்டத்துக்குள் நிற்கும் அத்தனை பேருக்கும். தப்பும் பகடை விழுந்தால்கூடப் பாதி அடி உண்டு. அதே நிலையில் போர்வீராங்கனை பெரிய வாளால் இரண்டு முறை வெட்டலாம். இரண்டும் பட்டால் சுமார் 20, ஒரு பூதத்துக்கு. இவள் முறை வருவதற்குள் அங்கே சாம்பல்தான் மிச்சம். "நீ என்ன செய்கிறாய்?" என்று கேட்டால் பிள்ளை என்னதான் சொல்லுவாள்?

இது எங்கள் வீட்டுச் சிக்கல் மட்டும் இல்லை, அந்த விளையாட்டுக்கு அரை நூற்றாண்டாக உள்ள சிக்கல் என்று தம்பி மகன் சொன்னான். 1978 விதிப்புத்தகத்தில் மந்திரவாதியின் உயிர்ப்புள்ளிக்கு நாலு முகப் பகடை, போர்வீரருக்குப் பத்து முகப் பகடை. முதல் நிலை மந்திரவாதிக்கு நாளுக்கு ஒரே மந்திரம்தான். அடுத்த நிலைக்குப் போகப் போர்வீரருக்கு 2001 புள்ளி போதும், மந்திரவாதிக்கு 2501 வேண்டும். தொடக்கத்தில் பூஞ்சையாக இருந்து கஷ்டப்பட்டு வளர்ந்தால் பின்னால் பெரிய பலம் என்பது அன்றைய கணக்கு. 2008-இல் வந்த நான்காம் பதிப்பு வேறு வழியில் போனது. எப்போதும் செய்யக்கூடியது, சண்டைக்கு ஒருமுறை, நாளுக்கு ஒருமுறை என்று எல்லா கிளாஸுக்கும் ஒரே அச்சில் திறமைகளைக் கொடுத்தார்கள். சண்டை போடாமல் பங்கு பிரித்தாயிற்று. ஆனால், எந்தப் பாத்திரத்தை எடுத்தாலும் ஒரே மாதிரி இருக்கிறது என்று பலர் குறைபட்டார்களாம்.

எனக்கு ஆடுபுலி ஆட்டம் நினைவுக்கு வந்தது. புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி தாண்டி வெட்டும், ஆட்டால் முடியாது. ஆனாலும் சுற்றி வளைத்துப் புலியைக் கட்டிப்போடலாம். இரண்டு பக்கமும் ஒரே பலம் வேண்டும் என்று நம் முன்னோர் நினைக்கவில்லை. இரண்டு பக்கமும் ஜெயிக்க ஒரு வழி வேண்டும் என்றுதான் பார்த்தார்கள்.

அடுத்தது கர்ணன். எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் பகலில் சொற்பொழிவு, இரவில் கூத்து. 'கர்ண மோட்சம்' பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கர்ணனிடம் இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதம் இருந்தது. குறி தப்பாது. ஆனால் ஒரே ஒருமுறைதான். அதற்கு அவன் கொடுத்த விலை உடம்போடு பிறந்த கவச குண்டலம். அடிக்கும் பலத்தை வாங்கி, தாங்கும் பலத்தைக் கொடுத்தான். அர்ச்சுனனுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்ததை, பதினான்காம் நாள் இரவுப் போரில் கடோத்கஜனைத் தடுக்க வேறு வழியில்லாமல் எறிந்துவிட்டான். அதற்குப் பிறகு அது அவனிடம் இல்லை. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தால் திரும்பி வரவும் இல்லை!

எங்கள் கூடத்தில் கோளாறு இருந்த இடம் அதுதான். ஐந்தாம் நிலை மந்திரவாதி ஓய்வெடுக்காமல் இரண்டு ஃபயர்பால்தான் வீசலாம். புத்தகத்தில் விலை சரியாகவே போட்டிருக்கிறது. ஆனால் பேரன் ஒரு சண்டையில் இரண்டையும் வீசிவிட்டு, "நாங்க கதவைச் சாத்திட்டு விடியிற வரை தூங்குறோம்" என்பான். காலையில் இரண்டும் திரும்பி வந்துவிடும். விலை எழுதியிருந்தது, வசூல் ஆகவில்லை.

எனவே முதல் சட்டம் புளியங்கொட்டை. என்னிடம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்குமே! பாடவேளை தொடங்கும்போது ஆளுக்கு மூன்று கொட்டை. பதில் சொன்னால் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மூன்றும் தீர்ந்தவர் அடுத்தவர் பேசுவதைக் கேட்க வேண்டும். முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு கத்துபவர்களும் அப்போது யோசித்துத்தான் கை தூக்குவார்கள். இங்கே பாயின் நடுவில் பத்துக் கொட்டை வைத்தோம். ஒரு இரவு தூங்கினால் நான்கு போய்விடும். பத்தும் தீர்ந்தால் அரக்கனின் யாகம் முடிந்து ஊர் அழிந்துவிடும். தூங்கலாம், ஆனால் இலவசம் இல்லை.

இரண்டாவது சட்டத்தை விசுவாமித்திரரிடம் வாங்கினோம். அவ்வளவு பெரிய முனிவர் தசரதனிடம் வந்து பிள்ளையை ஏன் கேட்டார்? யாகத்தில் விரதம் பூண்டிருக்கும்போது கோபப்பட்டுச் சபிக்க முடியாது. பலம் இருக்கிறது, அந்த நேரத்தில் பயன்படுத்த வழியில்லை. காவலுக்கு இராமனும் இலக்குவனும் தேவை. எங்கள் சட்டப்படி பெரிய மந்திரம் என்றால் இந்த முறை தொடங்கி அடுத்த முறைதான் முடியும். நடுவில் மந்திரவாதிமேல் ஓர் அடி பட்டால் மந்திரம் கலைந்துவிடும். பழைய விதிகளிலும் இப்படி ஒன்று உண்டாம். கூடவே, போர்வீராங்கனை வழிமறித்து நின்றால் அவளை வீழ்த்தாமல் யாரும் தாண்டிப் போக முடியாது என்றும் சேர்த்தோம்.

சட்டம் எழுதினால் போதாது, ஆடிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சண்டையும் யாருடைய செயலால் முடிந்தது என்று ஒரு தாளில் கோடு போட்டேன். முதல் நாள் மந்திரவாதிக்கு ஒரு கோடுகூட விழவில்லை. தொடங்கிய மந்திரமெல்லாம் கலைந்துபோய் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். அப்போது பேத்தி, "பாவம் பாட்டி, அவன் சும்மாவே உட்கார்ந்திருக்கான். எப்பவும் செய்யிற மாதிரி சின்ன மந்திரம் ஏதாவது குடுக்கலாம்" என்றாள். கொடுத்தோம். சிறு தீப்பொறி வீசலாம், ஒரு முறைக்கு ஒரு பூதத்தின்மேல். அதற்குக் கொட்டையும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். மறுநாள் மூவர் பக்கமும் கோடு விழுந்தது.

கடைசி நாள் குகை வாசலில் பேரன் பேத்தியிடம், "நீ முன்னாடி போய் நில்லு, நான் மந்திரத்தை ஆரம்பிக்கிறேன்" என்றான். இவள் நிதானமாக, "மாட்டேன். மொதல்ல பின்வாசலை அடைப்போம். ரெண்டு பக்கமும் வந்தா உன்னை என்னால காப்பாத்த முடியாது" என்றாள். பாயில் ஒரு சத்தம் இல்லை. எல்லோரும் அவள் சொன்னபடி செய்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே போய்க் காபி போடுவதுபோல் நின்றேன்.

உங்களில் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், நாலு பேரை வேலை வாங்கும் அதிகாரிகள் இருக்கிறீர்கள், பெற்றோர் இருக்கிறீர்கள். கெட்டிக்காரப் பிள்ளையின் கையைக் கட்டிப்போட வேண்டாம். அவன் முழுப் பலத்தையும் காட்டட்டும். ஆனால் அவன் காரியம் முடிய இன்னொருவர் துணை வேண்டும் என்று வேலையைப் பிரித்துக் கொடுங்கள். பேசாத பிள்ளையைப் "பேசு, பேசு" என்று எத்தனை முறை சொன்னாலும் பேசாது. அது பேசாவிட்டால் காரியம் நடக்காது என்ற இடம் ஒன்றை உண்டாக்கிக் கொடுத்தால் தானாகப் பேசும்.

பள்ளி திறந்து பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ காலில் ஆடுகிறார்கள். அடுத்து பூசாரி கிளாஸுக்குச் சட்டம் எழுத வேண்டுமாம். அடிபட்டவரைக் குணப்படுத்தும் வரத்துக்கு என்ன விலை வைக்கலாம்? யோசித்து எழுதுங்கள். நல்ல பதிலாக இருந்தால் பேத்தியிடம் உங்கள் பெயரைச் சொல்லியே கொடுக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்