கைப்பிடி

சென்ற வாரம் ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் வீடு மட்டும் இருண்டுபோயிற்று. தெருவெல்லாம் ஜகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. பியூஸ் போயிருக்கிறது, கட்டையைப் பிடுங்கிக் கம்பி மாற்ற வேண்டும். எனக்கு அந்த வித்தை தெரியாது. கட்டையில் கை வைக்கப் போனேன். அடுத்த வீட்டுப் பெரியவர் ஓடி வந்தார். லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"மெயினை ஆஃப் பண்ணினீங்களா, தம்பி?" என்றார்.

பண்ணவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். இரண்டு நிமிஷத்தில் வெளிச்சம் வந்துவிட்டது.

அவர் போன பிறகு உக்ரேனில் நடந்த ஒரு சம்பவம் என் நினைவுக்கு வந்தது. 2015 டிசம்பர் 23, பிற்பகல். மேற்கு உக்ரேனில் ஒரு மின்விநியோகக் கம்பெனி. கம்ப்யூட்டர் திரையிலிருந்த அம்புக்குறி, யாரும் தொடாமலே நகர்ந்தது. ஊழியர்களின் கண்ணெதிரே ஒவ்வொரு ஸ்விட்சாகத் தேடிப் போய் அணைத்தது. பேய்க் கதை எழுதுகிறவன்கூட இப்படி எழுதக் கூசுவான். அன்று மூன்று கம்பெனிகளில் இப்படி நடந்தது. சுமார் 2,25,000 வாடிக்கையாளர்கள் இருட்டில் ஆழ்ந்தார்கள். மாதக்கணக்கில் முன்பே, மின்னஞ்சலோடு வந்த கடிதத்தை யாரோ திறந்திருக்கிறார்கள். பகைவனுக்கு அதுவே வாசலாயிற்று. 2020-ல் ரஷ்ய ராணுவ உளவுப் பிரிவினர் ஆறு பேர்மீது அமெரிக்க அரசு சுமத்திய குற்றங்களில் இதுவும் ஒன்று.

ஆனால் சில மணி நேரத்தில் வெளிச்சம் திரும்பிவிட்டது. ஆட்கள் வண்டியேறித் துணைமின் நிலையங்களுக்குப் போய், கையாலேயே ஸ்விட்சுகளைப் போட்டார்கள். அங்கே கைப்பிடி இருந்தது. திருப்பத் தெரிந்த ஆளும் இருந்தான்.

அமெரிக்க செனட்டர்கள் ஆங்கஸ் கிங், ஜிம் ரிஷ் இருவரும் இதிலிருந்து பாடம் கற்றார்கள். அவர்கள் கொண்டுவந்த மசோதா, 2019 டிசம்பரில் ராணுவ மசோதாவோடு சேர்ந்து சட்டமாயிற்று. முக்கியமான இடங்களில், தூரத்துப் பகைவன் எட்ட முடியாதபடி, கம்ப்யூட்டர் கலவாத சாதனங்களையும் மனிதன் கையால் இயக்கும் கருவிகளையும் வைக்கலாமா என்று தேசிய ஆய்வுக்கூடங்கள் இரண்டு ஆண்டுகள் சோதிக்க வேண்டும் என்றது அச்சட்டம். கோடி கோடியாகக் கொட்டிப் புதுமை செய்த தேசம், பழைய கைப்பிடியைத் தேடிச் சட்டம் போட்டது!

எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை. கைப்பிடியை வைக்கும்படி சட்டம் சொல்லலாம். அதைத் திருப்பத் தெரிந்த கைகள் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்று வீட்டுக்குப் போய்விட்டால்?

மறுநாள் காலை பெரியவரைப் போய்ப் பார்த்தேன். "எனக்கும் சொல்லிக் கொடுங்கள், ஐயா" என்றேன்.

"முதல்லே மெயினை ஆஃப் பண்ணுங்க" என்றார்.