ஆராய்ச்சி மணியின் கயிறு

திருவாரூர்ப் பக்கத்துக்கு மாற்றலாகி வரும் குருக்களுக்கு இவ்வூர் மக்கள் முதலில் காட்டுவது ஆழித்தேரை. அடுத்துக் காட்டுவது தியாகராசர் கோயிலை அடுத்து நிற்கும் கல்தேரை. நமக்கும் அப்படித்தான் காட்டினார்கள். கன்றைத் தேர்க்காலில் பறிகொடுத்த பசு, அரண்மனை வாயிலில் தொங்கிய மணியின் கயிற்றை இழுத்ததும், குற்றவாளி தன் ஒரே மகன் என்று அறிந்த பிறகும் மனுநீதிச் சோழன் தேரைச் செலுத்தியதும் பெரியபுராணம் படித்தவர்க்கும் படியாதவர்க்கும் தெரிந்த கதை. அந்த மணிக்குப் பெயர் ஆராய்ச்சி மணி. இன்று ஆராய்ச்சி என்றால் பல்கலைக்கழகத்தில் நடப்பது என்று நினைக்கிறோம். அன்று அச்சொல்லுக்கு, முறையிட வந்தவரின் குறையை விசாரித்தல் என்று பொருள். இரண்டு பொருளும் ஒரே சொல்லில் தங்கியிருப்பதை நாம் கவனித்ததே இல்லை, சென்ற சம்பா அறுவடைக் காலத்தில் ஒரு மாணவி பங்கு இல்லத்துக்கு வந்து உட்காரும்வரை.

அம்மாணவி, நாம் முன்பு பணியாற்றிய வெண்ணாற்றங்கரைப் பங்கைச் சேர்ந்தவர். அப்பங்கின் பழைய உபதேசியாருடைய பேத்தி. வேறொரு மாவட்டத்தில், பெயர் இங்கே வேண்டாத ஒரு கல்வி நிலையத்தில், முனைவர் பட்டத்துக்காகக் கடைமடை வயல்களில் ஏறும் உப்பைப் பற்றி ஆய்வு செய்கிறார். இரண்டு ஆண்டுகள் வயல் வயலாக நடந்து மண் எடுத்தவர் அவர். கட்டுரை அச்சாகி வந்தபோது ஆசிரியர்களாக இருவர் பெயர் இருந்தது. அவர்களில் ஒருவர் அந்த வயல்களின் பக்கமே வராதவர். இவர் பெயர் கடைசிப் பத்தியில் இருந்தது: களப்பணியில் உதவியமைக்கு நன்றி.

“நன்றியில்தான் பேர் போட்டிருக்கிறார்களே, அது போதாதா என்று வீட்டில் கேட்கிறார்கள், ஃபாதர்” என்றார்.

இதழுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். ‘யார் ஆசிரியர் என்ற வழக்கை நாங்கள் தீர்ப்பதில்லை, உங்கள் நிறுவனத்தை அணுகுங்கள்’ என்று பதில் வந்திருக்கிறது. நிறுவனத்தை அணுகினால், ‘இதழில் வந்ததற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?’ என்றார்களாம். அதே வாரத்தில் அங்கே ஒரு விழா. பன்னாட்டு வெளியீட்டு அறநெறிக் குழு ஒன்றில் நிறுவனம் உறுப்பினராகச் சேர விண்ணப்பித்துள்ளது என்று மேடையில் அறிவித்து, பூச்செண்டு கொடுத்துக் கைதட்டினார்கள். “அதில் சேர்ந்தால் என்ன ஆகும், ஃபாதர்? எனக்கு ஏதாவது ஆகுமா?” என்று கேட்டார்.

நமக்கு விடை தெரியவில்லை. பத்து நாள் கழித்து வரச் சொல்லிவிட்டு, பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் நண்பர்களைக் கேட்டும் தேடிப் படித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம். நம் பங்குகளில் இன்று முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் பிள்ளைகள் இல்லாத ஊர் குறைவு. 2009இல் மத்தியப் பல்கலைக்கழகமும் திருவாரூருக்கு வந்துவிட்டது. பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

இங்கிலாந்தில் 1997ஆம் ஆண்டு மருத்துவ இதழாசிரியர்கள் சிலர், தங்கள் மேசைக்கு வந்த சிக்கலான கட்டுரைகளைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்ளக் கூடினார்கள். பொய்த் தரவு, களவெழுத்து, உழைக்காதவர் பெயர் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருந்தது. அந்தச் சிறு கூட்டமே ‘கோப்’ என்று சுருக்கமாக வழங்கும் வெளியீட்டு அறநெறிக் குழுவாக வளர்ந்து, இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கான இதழ்கள் அதில் உறுப்பினராக உள்ளன. (நம் அலுவலகங்களில் கோப்பு என்றால் விஷயம் எங்கே போய்ப் படுத்துக்கொள்ளும் என்பது வாசகர் அறிந்ததே. பெயர் ஒற்றுமை தற்செயலானது என்று நம்புவோம்.) அக்குழு நீதிமன்றம் அன்று. யாரையும் சிறையிலடைக்காது, தானே விசாரித்துத் தண்டிக்கவும் செய்யாது. இன்ன புகார் வந்தால் முதலில் இன்னதைக் கேள், பிறகு இன்னாருக்கு எழுது என்று படிப்படியாக வழிகாட்டும். உறுப்பினர் அந்நெறிப்படி நடக்கவில்லை என்று முறையிட இடமுண்டு.

இதழாசிரியரிடம் கட்டுரை மட்டும்தான் இருக்கும். வயலில் நடந்தவர் யார், நடக்காதவர் யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? குறிப்பேடும் ஆய்வகமும் சாட்சிகளும் நிறுவனத்திடம் உள்ளன. ஆகவே ஆசிரியர் பெயர் பற்றிய வழக்கை நிறுவனமே விசாரிக்க வேண்டும் என்பது நெறி. இதழ்களும் நிறுவனங்களும் இதில் எப்படி ஒத்துழைப்பது என்று கோப் 2012இல் தனி வழிகாட்டுதலே வெளியிட்டது. அண்மை ஆண்டுகளில் பல்கலைக்கழகங்களையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்கிறது. கயிற்றின் ஒரு முனை இதழிடமும் மறுமுனை நிறுவனத்திடமும் இருந்து, இடையில் அறுந்து கிடப்பதால்தான் நம் மாணவியைப் போன்றவர்கள் இருபக்கமும் அலைகிறார்கள். அதை முடிச்சுப் போடுவதே நிறுவன உறுப்பினர் என்பதன் பயன். முடிச்சுப் போடாமல் சான்றிதழை மட்டும் சட்டம் போட்டு மாட்டினால், மணி உண்டு, கயிறு இல்லை.

நம் நாட்டிலும் விதிகள் இல்லாமல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் களவெழுத்தைத் தடுக்க ஒழுங்குமுறை கொண்டுவந்தது. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம்வரை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை திருத்தி எழுத வேண்டும். 60 வரை ஓராண்டு ஆய்வேடு கொடுக்க முடியாது. அதற்கு மேல் பதிவே ரத்து. (பத்தில் ஒரு பங்கு என்றதும் நமக்குக் காணிக்கை நினைவு வந்தது; இது எதிர்த்திசையில் வசூலாகும் தசமபாகம் போலும்!) துறைக்கு ஒன்று, நிறுவனத்துக்கு ஒன்று என விசாரணைக் குழுக்களும் அமைக்கச் சொன்னது. அதே 2018 மே மாதத்தில், தான் ஏற்றிருந்த பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. பணம் கட்டினால் எதையும் அச்சிடும் இதழ்கள் அத்தனை பெருகியிருந்தன. 2019இல் ‘கேர்’ என்ற புதுப்பட்டியல் வந்தது. 2025இல் அதுவும் கைவிடப்பட்டது. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்வோர் ஆய்வு, வெளியீட்டு அறநெறியை ஒரு பாடமாகப் படிக்க வேண்டும் என்பதும் 2019இன் இறுதியில் வந்த ஆணை. இதில் நமக்கு ஒரு குறை: பாடம் மாணவருக்கு. வழிகாட்டிக்குப் பாடம் எது?

சதவீதம் எண்ணும் கணினி சொற்களைத்தான் பிடிக்கும். சேற்றில் நடந்த கால்களை அது எண்ணாது. நம் மாணவியின் கட்டுரையை அதில் போட்டால் குற்றமே இல்லை என்று வந்திருக்கும்.

நாம் எழுதியதைப் போட்டாலும் அப்படித்தான் வந்திருக்கும்.

2011இல் வெண்ணாற்றங்கரை ஆலயத்தின் நூற்றாண்டு விழாவுக்கு மலர் வெளியிட்டோம். அதில் நாற்பது பக்கத்தில் பங்கின் வரலாறு, நம் பெயரில். பலர் பாராட்டினார்கள். இரண்டு கருத்தரங்குகளுக்கு அழைப்பு வந்தது. அந்த வரலாற்றை உண்மையில் தேடியவர் உபதேசியார். 1952ஆம் ஆண்டுப் புயலில் நனைந்து ஒட்டிக்கொண்ட ஞானஸ்நானப் பதிவேடுகளை ஏடு ஏடாகப் பிரித்து உலர்த்தி, அரைகுறை இலத்தீனை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி, தாது வருடப் பஞ்சத்தில் எந்தத் தெருவிலிருந்து எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள், 1924 வெள்ளத்துக்குப் பின் எந்தக் குடும்பங்கள் மறைந்து போயின என்று ஐந்து குறிப்பேடுகள் எழுதி வைத்திருந்தார். அவற்றை வாங்கி நாம் நல்ல தமிழில் எழுதினோம். ஒரு வாக்கியமும் அப்படியே எடுக்கவில்லை; அதில் நமக்குப் பெருமைகூட இருந்தது. மலரின் கடைசிப் பக்கத்தில், பந்தல் அமைத்தவருக்கும் ஒலிபெருக்கி தந்தவருக்கும் இடையே, ‘தகவல்கள் தந்து உதவிய உபதேசியாருக்கு நன்றி’ என்று போட்டோம். பெயரும் போடவில்லை.

அவர் மலரை வாங்கி, திண்ணையில் உட்கார்ந்து முழுவதும் படித்தார். “நல்லா வந்திருக்கு சாமி” என்றார். குறிப்பேடுகளைத் திருப்பிக் கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. 2014இல் இறந்தார். அடக்கத் திருப்பலியில் மறையுரை ஆற்றியவரும் நாமே. அவருடைய செபமாலைப் பக்தியைப் பற்றிப் பேசினோம். குறிப்பேடுகளைப் பற்றிப் பேசவில்லை.

‘நன்றியில்தான் பேர் போட்டிருக்கிறார்களே’ என்று பேத்தி சொன்னது தாத்தாவை நினைத்தா, நினையாமலா என்பது இன்றுவரை நமக்குத் தெரியாது. கேட்கும் துணிவும் வரவில்லை.

குருமடத்தில் அறநெறி இறையியல் படித்தபோது, ஏழாம் கட்டளைக்கு எதிரான பாவத்துக்கு மனம் வருந்துதல் மட்டும் போதாது, எடுத்ததைத் திருப்பித் தரவேண்டும் என்று படித்தோம். நெல்லைக் களவாடியவன் நெல்லை அளந்து கொடுக்கலாம். பெயரை எப்படி அளந்து கொடுப்பது? இதற்கு இதழாசிரியர்களின் நெறி நமக்கு உதவியது. கட்டுரையின் முடிவுகள் சரியாக இருந்து பெயரில் மட்டும் தவறு என்றால், கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டியதில்லை. திருத்தம் வெளியிட வேண்டும். காலம் கடத்தக்கூடாது. என்ன தவறு என்று தெளிவாகச் சொல்லவேண்டும். மூலக் கட்டுரையைப் படிப்பவர் கண்ணில் அது பட்டே தீரவேண்டும். வேறெங்கோ ஒரு மூலையில் போட்டு ஒப்பேற்றக்கூடாது.

பத்து நாள் கழித்து மாணவி வந்தபோது, முதலில் அவருடைய மனுவை எழுத உதவினோம். மண் எடுத்த நாள், வயல், உடன் வந்த விவசாயிகள், குறிப்பேட்டின் நகல் எல்லாம் இணைத்து, 2018 ஒழுங்குமுறைப்படி நிறுவனத்தில் அமைந்திருக்க வேண்டிய குழுவுக்கு ஒன்று. இதழுக்கு அதன் நகல் ஒன்று. உறுப்பினராகச் சேர விண்ணப்பித்ததை நினைவூட்டி ஒரு வரியும் சேர்த்தோம். வழிகாட்டியின் கையெழுத்தில்லாமல் பட்டம் இல்லை என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். “அனுப்பாமல் இருந்தால் கையெழுத்துக் கிடைக்கும், ஃபாதர்” என்றார். உறையை ஒட்டியவரும் அவரே. மூன்று மாதமாயிற்று, பெற்றுக்கொண்டோம் என்ற ஒரு வரிப் பதில் வந்திருக்கிறது.

பிறகு நம் கணக்கை அவரிடம் சொன்னோம். சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, “பாட்டியிடம் சொல்லுங்கள், ஃபாதர்” என்றார்.

சொன்னோம். இப்போதைய பங்குத்தந்தையின் இசைவோடு ஒரு துண்டுச் சீட்டு அச்சடித்தோம்: இவ்வரலாற்றின் ஆய்வு முழுவதும் உபதேசியாருடையது, எழுதியது மட்டும் நாம், முன்பு இதை மறைத்தது நம் பிழை. ஆலய அலமாரியில் விற்காமல் கிடந்த 63 மலர்களில், கட்டுரையின் முதல் பக்கத்திலேயே நம் பெயருக்கு மேல் ஒட்டினோம். பாட்டியம்மாள் பசை தடவித் தந்தார். எல்லாம் முடிந்ததும், “மிச்சம் வித்துப்போனதுக்கு என்ன சாமி பண்ணுவீங்க?” என்று கேட்டார்.

மலர் வாங்கியவர்களின் பழைய ரசீதுக் கட்டைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.