ஓர் இரவில் 14 தடவை மௌத்தான கதை



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரமிருப்பவர்கள் வாசியுங்கள். பிள்ளைகளின் கேமைத் திட்டி இதே பக்கத்தில் மூன்று நான்கு பதிவு போட்டவன் நான். அதனால் இதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை இரவு, இஷா தொழுதுவிட்டு வந்து, என் மகனோடு உட்கார்ந்து ஒரு சுடுகிற கேம் விளையாடினேன். 45 வயதில் முதல் தடவை. ஒன்றரை மணி நேரத்தில் 14 தடவை மௌத்தானேன். கணித ஆசிரியன் என்பதால் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். அதில் இரண்டு தடவை என்னை நானே சுட்டுக்கொண்டது.

"சேருக்கு என்ன நடந்த?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

மகனின் ஓ.எல். பெறுபேறு வந்து மூன்று வாரம். மற்றப் பாடங்கள் பரவாயில்லை. கணிதத்தில் எஸ். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு 20 வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறவனுடைய மகனுக்குக் கணிதத்தில் எஸ். ஆசிரியர் அறையில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது. அன்று வீட்டுக்கு வந்து, ஒரு வாப்பா சொல்லக்கூடாத ஒரு வார்த்தையை அவனிடம் சொல்லிவிட்டேன். அதை இங்கே எழுத மனம் வரவில்லை. அதற்குப் பிறகு அவன் என்னோடு கதைத்தது "ஓம்", "இல்ல" என்ற இரண்டு சொல் மட்டும். சாப்பிடக் கூப்பிடுவதற்கும் அவனுடைய உம்மாதான் தூது.

வியாழக்கிழமை இரவு லெப்டொப்பைப் பறித்து அலுமாரிக்குள் பூட்டுவது என்ற முடிவோடுதான் அவனுடைய அறைக்குப் போனேன். கொரோனாக் காலத்தில் சூமில் படிப்பிக்க நான் வாங்கிய பழைய லெப்டொப் அது. வாசலில் நின்றபோது அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது. மூன்று வாரமாக அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. பறிக்கப் போன கை நின்றுவிட்டது.

"இது என்ன கேம் மகன்?" என்றேன்.

"உங்களுக்கு விளங்காது வாப்பா."

கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் மூன்று வாரத்தில் அவன் என்னிடம் சொன்ன முதல் முழு வசனம் அது. "அப்ப விளங்கப்படுத்து" என்றேன். மறுநாள் தங்கச்சியின் மகனிடம் இன்னொரு லெப்டொப் இரவல் வாங்கி வந்தான்.

கேமின் பெயர் டீம் போர்ட்ரஸ் 2. வால்வ் என்ற அமெரிக்க நிறுவனம் 2007 ஒக்டோபரில் வெளியிட்டது. அதாவது என் மகனை விட வயது கூடியது. 2011 ஜூனிலிருந்து இலவசம். பழைய கேம் என்பதால்தான் எங்கள் வீட்டுப் பழைய லெப்டொப்பிலும் ஓடுகிறது. இதன் மூலம் இன்னும் பழையது. 1996இல் அவுஸ்திரேலியாவில் சில இளைஞர்கள் குவேக் என்ற வேறொரு கேமை மாற்றி, பொழுதுபோக்காகச் செய்ததுதான் முதல் டீம் போர்ட்ரஸ். பிறகு அவர்களையே வால்வ் வேலைக்கு எடுத்துக்கொண்டது.

இரண்டு அணி. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஓர் அணிக்கு 12 பேர். ஒவ்வொருவரும் தொடங்கும்போது ஒன்பது வகை ஆட்களில் ஒருவரைத் தெரிவு செய்ய வேண்டும். அந்த வகைக்குக் கேமில் 'கிளாஸ்' என்றுதான் பெயர். எனக்கு உடனே 9பி வகுப்பு ஞாபகம் வந்தது.

ஒன்பது பேரும் ஒருவர் மாதிரி ஒருவர் இல்லை. ஸ்கவுட் வேகமாக ஓடுவான், ஆனால் உயிர் 125தான். ஹெவி என்கிற ரஷ்யத் தடியனுக்கு உயிர் 300. பெரிய துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மாட்டு வண்டி வேகத்தில் நடப்பான். எஞ்சினியர் தானாகச் சுடும் துப்பாக்கி கட்டுவான், ஆட்களை இடம் மாற்றும் கருவியும் கட்டுவான். ஸ்பை எதிரணி ஆள் மாதிரி வேஷம் போட்டுப் பின்னால் வந்து கத்தியால் குத்துவான். பைரோ முகமூடியைக் கழற்றுவதே இல்லை. ஆட்களின் உருவத்தை வரையும்போதே, நிழலை மட்டும் பார்த்தாலும் இன்னார் என்று தெரிய வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்திருக்கிறார்கள். என் கண்ணாடிக்கு அது பெரிய உதவி. பத்து நிமிடத்தில் தூரத்தில் வருகிறவன் யார் என்று பிடிபட்டுவிட்டது.

முதலில் சோல்ஜர் எடுத்தேன். ரொக்கெட் விடுகிறவன். சுவருக்குப் பக்கத்தில் நின்று விட்டேன். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் ஆனது. இப்படி இரண்டு தடவை. பிறகு ஸ்னைப்பர். தூரத்தில் நின்று குறிபார்த்துச் சுடுகிறவன். நான் குறி பார்த்து முடிப்பதற்குள் பார்த்த ஆள் போய்விடுவான், பார்க்காத ஸ்பை பின்னால் வந்துவிடுவான். மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தான். பிறகு அடக்கவில்லை.

நாங்கள் விளையாடிய ஆட்டத்துக்கு பேலோட் என்று பெயர். நீல அணி ஒரு குண்டு வண்டியைத் தண்டவாளத்தில் தள்ளி எதிரியின் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சிவப்பு அணி தடுக்க வேண்டும். வண்டிக்குப் பக்கத்தில் நம் ஆள் நின்றால்தான் அது நகரும். மூன்று பேர் வரை ஆள் கூடக் கூட வேகமும் கூடும். அரை நிமிடம் யாரும் தொடாவிட்டால் வண்டி பின்னுக்கு உருளத் தொடங்கிவிடும்.

எங்கள் அணியில் 12 பேர். அதில் என்னையும் சேர்த்து ஐந்து பேர் ஸ்னைப்பர். எல்லோரும் பின்னால் நின்று குறி பார்க்கிறோம். வண்டி அங்கே தனியாகப் பின்னுக்கு உருள்கிறது. வண்டியைத் தள்ளினால் யாரும் கைதட்டப் போவதில்லை, தூரத்திலிருந்து தலையில் சுட்டால்தான் பெயர். அந்த ஆட்டத்தில் தோற்றோம். நம் ஊரில் எல்லாப் பெற்றோரும் பிள்ளைக்கு பயோ, மெத்ஸ் என்று மட்டும் வரிசையில் நிற்பது என் மனதில் வந்தது. அந்த வரிசையின் முன்னால் நின்றது நான்தான்.

அப்போது மகன் சொன்னான்: "வாப்பா, உங்களுக்குக் குறி பாக்க ஏலா. மெடிக் எடுங்க. சுடத் தேவல்ல. எனக்குப் பின்னால மட்டும் வாங்க."

மெடிக் ஒரு ஜெர்மன் டொக்டர். கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. அதை நம் ஆளின் பக்கம் பிடித்தால் ஓர் ஒளி போய் அவனோடு ஒட்டிக்கொள்ளும். காயம் ஆறும். காயமே இல்லாதவனுக்கும் ஒன்றரை மடங்கு வரை உயிர் கூடும். மகன் ஹெவி எடுத்தான். என் ஒளி ஒட்டியபோது அவனுடைய 300, 450 ஆனது. இப்படிக் கவனித்துக்கொண்டே இருந்தால் டொக்டரிடம் ஒரு சக்தி நிரம்பும். அதைத் திறந்தால் எட்டு விநாடிக்கு இரண்டு பேருக்கும் எந்தக் குண்டும் படாது.

அவன் முன்னால் போகிறான், நான் பின்னால் போகிறேன். 16 வருடமாக நான் முன்னால் நடந்து, "வா, வா, ஏன் பிந்துறாய்" என்று அவனை இழுத்தவன். அவன் பின்னால் நடந்தால்தான் அவன் எதைப் பார்க்கிறான் என்று தெரிகிறது. எந்த மூலையில் நிற்க வேண்டும், எப்போது பின்வாங்க வேண்டும், எதிரணியில் எத்தனை பேர் விழுந்துவிட்டார்கள், அவர்கள் திரும்பி வர எத்தனை விநாடி, எல்லாம் மனக்கணக்கில் வைத்திருக்கிறான். "இப்ப போகலாம் வாப்பா, இன்னும் பத்து செக்கன் இரிக்கி" என்கிறான். கணிதத்தில் எஸ் எடுத்த பிள்ளை.

நடுவில் காயப்பட்டு வந்த எங்கள் ஸ்னைப்பர் ஒருவனுக்கு நல்ல மனதோடு வைத்தியம் பார்த்தேன். அவன் எதிரணி ஸ்பை. வைத்தியம் முடியும் வரை நின்று வாங்கிக்கொண்டு என்னையே குத்தினான். மகன் நாற்காலியை விட்டு விழப் பார்த்தான். சமையலறையில் இருந்து அவனுடைய உம்மா வந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் இரண்டு பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

கடைசி ஆட்டத்தில் சக்தி நிரம்பியது. "இப்ப!" என்றான். திறந்தேன். எட்டு விநாடி. எல்லோரும் சுடுகிறார்கள், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டி போய்ச் சேர்ந்தது. அப்போது என் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் அந்த ஹெவியின் தடித்த ரஷ்யக் குரல் எனக்கு நன்றி சொன்னது. கேமில் அதற்கென்று ஒரு விசை இருக்கிறது: இசட் அழுத்தி, 2 அழுத்த வேண்டும். மகன் என் பக்கம் திரும்பவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டுதான் அழுத்தினான்.

நானும் திரும்பவில்லை. என் கண் அப்போது பார்க்கக்கூடிய நிலையில் இல்லை.

இனி எனக்குப் பிடிக்காததையும் சொல்கிறேன்.

முதலாவது, துப்பாக்கி. எங்கள் தலைமுறைக்கு அந்தச் சத்தம் விளையாட்டு இல்லை. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்களைச் சுட்டபோது எனக்கு 10 வயது. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் கன இரவுகள் என் வாப்பா முன்வாசலில் உட்கார்ந்தே விடிய வைத்தார். கேமில் செத்தவன் சில விநாடியில் எழுந்து ஓடி வருகிறான். யார் சுட்டது என்றும் படம் போட்டுக் காட்டுகிறார்கள். 14 தடவையும் எழுந்து வந்தபோது எனக்குச் சிரிப்போடு வேறு ஒன்றும் வந்தது. லெப்டொப்பை மூடிய பிறகு இதை மகனிடம் சொன்னேன். அவன் பாடப் புத்தகத்துக்கு வெளியே இதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. "நீங்க அப்ப எங்க வாப்பா படுத்த?" என்று கேட்டான். கட்டிலுக்குக் கீழே என்றேன். அன்று பன்னிரண்டு மணி வரை கதைத்தோம்.

இரண்டாவது, வயது. அமெரிக்காவில் இதை 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று தரப்படுத்தியிருக்கிறார்கள். கார்ட்டூன் மாதிரி இருந்தாலும் இரத்தமும் துண்டாகும் உடம்பும் உண்டு. என் மகனுக்கு 16. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இதை நான் கொடுக்க மாட்டேன். நீங்களும் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, காசு. கேம் இலவசம், ஆனால் உள்ளே பூட்டிய பெட்டிகள் கிடைக்கும். திறக்கச் சாவி வேண்டும், சாவிக்குக் காசு. உள்ளே என்ன இருக்கிறது என்று காசு கொடுத்துத் திறந்தால்தான் தெரியும். இது சூதுக்குப் பக்கத்து வீடு. கார்ட் நம்பரைப் பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள். நான்காவது, முகம் தெரியாதவர்களின் குரல். ஒரு மணி நேரத்துக்குள் கேட்கக்கூடாத தூஷணம் இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டது. அந்தக் குரல்களை அடைத்துவைக்க வழி இருக்கிறது. மகன்தான் காட்டித் தந்தான்.

எங்கள் வீட்டில் இப்போது ஓர் ஒப்பந்தம். இஷாவுக்குப் பிறகு ஒரு மணி நேரம், வெள்ளியும் சனியும் மட்டும். வெள்ளியில் நானும் இருப்பேன். சுபஹு தப்பினால் அந்த வாரம் இல்லை. இது எனக்கும் சேர்த்துத்தான் என்று அவன் ஒரு வரி கூட்டினான்.

அடுத்த வாரம் ஏ.எல். பிரிவுக்குப் படிவம் கொடுக்க வேண்டும். "உனக்கு என்ன செய்ய விருப்பம்?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன், இவனிடம் மட்டும் கேட்டதில்லை. தொழில்நுட்பப் பிரிவு என்றான். 2013இல் அந்தப் பிரிவு வந்தபோது, "படிக்க ஏலாத பிள்ளைகளுக்கு" என்று ஆசிரியர் அறையில் கதைத்தவர்களில் நானும் ஒருவன். என் மனம் இன்னும் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் படிவத்தில் கையெழுத்து வைத்துவிட்டேன். அந்த வார்த்தைக்கும் அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "பரவாயில்ல வாப்பா" என்றான். பரவாயில்லை என்று ஆக இன்னும் கொஞ்ச நாள் எடுக்கும் என்று எனக்குத் தெரியும்.

கேம் நல்லது என்று சேர் சொல்லிவிட்டார் என்று நாளைக்கு வகுப்பில் யாரும் வந்து நிற்க வேண்டாம். பெற்றோரிடம் கேட்பது ஒன்றுதான். பறிப்பதற்கு முன் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். அதற்குப் பிறகும் பறிக்க வேண்டும் என்று தோன்றினால் பறியுங்கள். எதைப் பறிக்கிறோம் என்றாவது தெரிந்திருக்கும்.

மகனுக்காக ஒரு துஆச் செய்யுங்கள். ரொக்கெட்டைச் சுவருக்குப் பக்கத்தில் விடாமல் இருக்க எனக்கும் ஒன்று.